மேட்டில் மட்டும் நின்றுபோன எம்ஜிபி

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி கொல்லங்கோடு வழியாக நெம்மாரா போகிறவரை வண்டி தங்கமாக ஓடும். போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி ஏற்றம் தொடங்கி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஆனதும் இழுவை குறையும், இரண்டு முறை இருமும், அப்புறம் நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். 1965 மாடல் எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி இன்ஜின், எஸ்யூ கம்பெனியின் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடுகிற சாமான்) இரண்டு. மலையில் ஒரு எஸ்டேட் குடும்பத்திடம் இருந்து இரண்டு மூன்று கை மாறி என்னிடம் வந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. எங்கள் ஊர்ப் பக்கம் பழைய பிரீமியர் பத்மினி ஓட்டிய யாரைக் கேட்டாலும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடச் சொல்வார்கள். பத்மினிக்கு அது சரி, அதில் பம்ப் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும், சூடு ஏறும். எம்ஜிபியில் பம்ப் எலெக்ட்ரிக், பின்னால் வலது சக்கரத்துக்கு முன்னால் அடியில் இருக்கிறது. இன்ஜின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கார்புரேட்டர் பக்கம் உள்ள குழாயில் பெட்ரோல் ஆவியாக வாய்ப்பு உண்டுதான், ஆனால் அதை முதல் சந்தேகமாக வைக்க எனக்கு மனசில்லை.

அடுத்த சந்தேகம் ஸ்பார்க்குக்குக் கரண்ட் தருகிற காயில். சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கிற காயில்கள் உண்டு, அறிகுறியும் கிட்டத்தட்ட இதேதான். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த மாடலில் ஆர்பிஎம் மீட்டர் இக்னிஷனில் இருந்து வேலை செய்கிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கரண்ட் பிரச்சினை. வேகம் குறையக் குறைய முள்ளும் கூடவே இறங்கினால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். எனக்கு முள் நிதானமாகத்தான் இறங்கியது. நின்ற இடத்திலேயே, இன்ஜின் கொஞ்சம் ஆறியதும், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற ஃப்ளோட் கிண்ண மூடியின் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன், அடியில் ஈரம் மட்டும் இருந்தது. காயில் விவகாரம் அத்தோடு முடிந்தது.

இனி கேட்க வேண்டியது பம்பின் சத்தம். எஸ்யூ பம்ப் மாதிரி தன் வியாதியைத் தானே சொல்கிற சாமான் வேறு இல்லை. சாவியைத் திருப்பினால் டக்டக்டக் என்று வேகமாக அடித்து, இரண்டு கிண்ணமும் நிறைந்ததும் வேகம் குறைந்து அமைதியாகிவிட வேண்டும். சத்தமே இல்லை என்றால் வயரையோ, பம்புக்குள் கரண்ட்டை விட்டு விட்டுத் தருகிற பாயின்ட்டையோ பார்க்கணும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லையென்றால் டேங்க் காலி, அதுவும் இல்லையென்றால் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் ஊசி அடைக்காமல் கார்புரேட்டர் வழிகிறது. மெதுவாக, திணறித் திணறி அடித்து உடம்பும் சூடானால் உறிஞ்சுகிற பக்கம் அடைப்பு. என்னுடையது தையல் மெஷின் போல நிற்காமல் அடித்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது, கார்புரேட்டரும் வழியவில்லை.

வீட்டுக்கு வந்து கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டுப் பார்த்தோம். (இன்ஜின் நன்றாக ஆறியிருக்கணும், திறந்த வெளியில் செய்யணும், பக்கத்தில் பீடி பிடிக்கிற ஆள் இருக்கக் கூடாது.) நல்ல பம்ப் அரை நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும். அளவு குறைவாக இருந்ததோடு, பெட்ரோல் சோடா மாதிரி குமிழ் குமிழாக வந்தது. டேங்கில் இருந்து பம்புக்கு வருகிற குழாயில் யாரோ எப்போதோ ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் போட்டிருந்தார்கள். வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை. உறிஞ்சுகிற பக்கம் ஆச்சே, காற்று உள்ளேதான் போகும். கழற்றி விரலால் வளைத்தால் முழுக்க முடி மாதிரி விரிசல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எத்தனாலைத் தாங்குகிற, 30ஆர்9 என்று தரக்குறி அச்சிட்ட ஹோஸ் வாங்கிப் போட்டோம், கிளிப்பும் புதுசு. பாட்டிலில் குமிழ் நின்றது, அளவும் சரியாக வந்தது.

மறுபடி மலை ஏறினால் முன்னைவிடச் சீக்கிரமே நின்றது! வெறுத்துவிட்டது. ஆனால் இந்த முறை சத்தம் வேறு. டக். நீண்ட இடைவெளி. டக். கை வைத்தால் பம்ப் சுட்டது. கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன், அம்பாசிடர் காலத்து ஆள், அடியில் குனிந்து கேட்டுவிட்டு, "தம்பி, டேங்க் மூடியக் கொஞ்சம் தொறங்க பாக்கலாம்" என்றார். திருகியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி பம்ப் மடமடவென்று அடித்து, நிறைந்து, அமைதியானது.

மூடியில் காற்றுத் துளை இல்லை. இந்த மாடலுக்குத் துளை உள்ள மூடிதான், டேங்க் சுவாசிப்பதே அதன் வழியாகத்தான். 70களில் வந்த எம்ஜிபிகளில் ஆவியைக் கரி டப்பா வழியாக விடுகிற ஏற்பாடு வந்ததால் மூடியில் துளை கிடையாது, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முந்தைய கையில் யாரோ அதை மாட்டியிருக்கிறார்கள். சமவெளியில் பெட்ரோல் மெதுவாகக் குறையும்போது மூடியின் வாஷர் ஓரமாகக் கசிகிற காற்றே போதுமானதாக இருந்திருக்கும், ஏற்றத்தில் இன்ஜின் குடிக்கிற வேகத்துக்குப் போதவில்லை. ஓட்டை ஹோஸும் வண்டி நிற்கும்போது டேங்குக்குள் கொஞ்சம் காற்று விட்டிருக்கும், அதை மாற்றியதும் அந்த வழியும் அடைந்தது என்பது என் கணிப்பு. இறங்கும்போது மூடியை லேசாகத் தளர்த்தி வைத்து வந்தோம். டேங்க் பாதிக்குக் கீழே இருந்ததால் துணிந்தோம், நிறைய இருந்தால் வளைவில் பெட்ரோல் வெளியே தெளிக்கும்.

திணறி ஓடியதில் பம்பின் பாயின்ட் கருகியிருந்தது, அதையும் தேய்த்துச் சுத்தம் செய்தோம். பழைய ஆட்கள் ஸ்பேனர் கைப்பிடியால் பம்பை ஒரு தட்டு தட்டி ஓட வைப்பார்கள். வேலை செய்யும்தான், வீடு வந்து சேரலாம். ஆனால் தட்டினால் ஓடுகிற பம்புக்குப் பாயின்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் பார்க்கும்போது ஒரு கூத்து. அண்ணன் மல்டிமீட்டர் வைத்தால் மைனஸ் 12 காட்டுகிறது, மனுஷன் மீட்டரையே உதறிப் பார்க்கிறார். 1967 வரைக்கும் எம்ஜிபிகளுக்குப் பாசிட்டிவ் எர்த், பாடியில்தான் பிளஸ். சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையாக இருப்பதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

துளை உள்ள மூடி வந்து போட்டபின் நெல்லியாம்பதி உச்சிவரை ஒரு இருமல் இல்லை. பெட்ரோல் கேஜ் மட்டும் இன்னும் பொய் சொல்கிறது, காலி டேங்குக்கும் கால்வாசி காட்டும். அதை மழை விட்டதும் பார்க்கணும்.