எல்லையில் ரயில் நின்றது, எல்.சி. தேதி நிற்கவில்லை: ஒரு நூல் லோடின் கதை

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. டாக்காவில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளருக்குக் காலையில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மதியம் தாண்டியும் ஒற்றை டிக்கிலேயே நின்றது. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் டிவி பார்த்தபோதுதான் தெரிந்தது, முந்தின நாள் ராத்திரியே அந்த நாடு முழுக்க இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். மாணவர் போராட்டம் பெரிதாகி, அன்று நள்ளிரவிலிருந்து ஊரடங்கும் வந்தது. எங்கள் சரக்கு அப்போது கொல்கத்தா மாஜேர்ஹாட் முனையத்தில், எல்லை தாண்டும் ரயிலுக்காகக் காத்துக் கிடந்தது. 40-ஆம் நம்பர் கோம்டு நூல் (சீவிச் சுத்தம் செய்த பஞ்சில் நூற்றது), 400 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 45.36 கிலோ. மொத்தம் 18 டன்னுக்கு மேல்.

நான் மானூர் பக்கம் ஒரு சின்ன நூல் மில்லில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறேன். எங்களுக்குத் தூத்துக்குடி துறைமுகம் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அதை விட்டுவிட்டு ஏன் கொல்கத்தா வரை போய் ரயிலேற்றினோம் என்றால், அதற்குக் காரணம் 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அடித்துக்கொண்டு போய், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு அங்கேயே நின்றது. தூத்துக்குடிச் சாலையும் அறுந்தது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய எங்கள் லோடு ஒன்று கொடவுனிலேயே கிடந்தது. அப்போதுதான் முதலாளி, "ஒரு வாசலை மட்டும் நம்பி இருக்கக் கூடாதும்மா, வேற வழியும் பாரு" என்றார். 2020 கொரோனா சமயத்தில் பெட்ராபோல் - பெனாபோல் எல்லை (முன்னது இந்தியப் பக்கம், பின்னது வங்கதேசப் பக்கம்) வழியாகக் கன்டெய்னர் ரயில் தொடங்கியிருந்தார்கள். லாரி வழியில் எல்லையில் நாள்கணக்கில் வரிசை நிற்க வேண்டும். ரயிலில் அந்த வரிசை கிடையாது. இரண்டு லோடு நன்றாகவே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது இது.

ரயில் வழியில் ஒரு பலவீனம் உண்டு. நம் வேகன் அப்படியே அந்தப் பக்கம் போகும், ஆனால் எல்லையில் எஞ்சினும் ஆட்களும் மாற வேண்டும். அந்தப் பக்கம் ஆள் வரவில்லை என்றால் ரேக் (வேகன்கள் கோத்த முழு சரக்கு ரயில்) முழுக்க நின்றுவிடும். லாரியாக இருந்தால் ஒரு வண்டியை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். நாற்பது ஐம்பது கன்டெய்னர் சேர்ந்த ரேக்கில் நம் ஒரு பெட்டிக்காக யாரும் எதையும் செய்ய முடியாது. இது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலையில் நான் முதலில் எடுத்துப் பார்த்தது எல்.சி.யைத்தான். சொன்ன தேதிக்குள் சரக்கை அனுப்பி அதற்கான காகிதங்களைக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம் அது. சரக்கு கொஞ்ச நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது, தேதி போனால் பணமே போய்விடும். கடைசி ஏற்றுமதித் தேதி ஜூலை 31. காலாவதி ஆகஸ்ட் 15, காலாவதியாகும் இடம் டாக்கா. எல்லை தாண்டும் ரயிலில் ஏற்றினால்தான் எங்கள் ரயில்வே ரசீதில் தேதி விழும். அதுவரை, எல்.சி. கணக்கில் நாங்கள் சரக்கையே அனுப்பாதவர்கள்.

பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். கலவரம், ஊரடங்கு என்று நாடே நின்றுபோனால் எல்.சி. தேதியும் தானாகத் தள்ளிப்போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படிக் கிடையாது. எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600-இல் 36-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கலவரத்தாலோ உள்நாட்டுக் குழப்பத்தாலோ வங்கி மூடிக் கிடந்த நாட்களில் எல்.சி. காலாவதியாகிவிட்டால், திறந்த பிறகு வங்கி அதற்குப் பணம் தராது. திருநெல்வேலியில் எங்கள் வங்கி மேனேஜர் அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் கொடுத்தார். வாசித்ததும் வயிறு கலங்கியது.

அப்புறம் எனக்கு இருந்த ஒரே வேலை டாக்காவைப் பிடிப்பது. இன்டர்நெட் இல்லை, மெயில் போகாது. ஐ.எஸ்.டி. போட்டுக்கொண்டே இருந்தேன். ஞாயிறு முதல் செவ்வாய் வரை அங்கே பொதுவிடுமுறை அறிவித்து வங்கிகளையும் மூடிவிட்டார்கள். திங்கள் மதியம் வாடிக்கையாளரின் கொள்முதல் மேலாளர் ஒருவர் போனை எடுத்தார். பாவம், அவரே வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் இருந்தார். வங்கி எப்போது திறந்தாலும் முதல் வேலையாக எல்.சி. திருத்தத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு, வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுத வைத்தேன். கடைசி ஏற்றுமதித் தேதி ஆகஸ்ட் 31, காலாவதி செப்டம்பர் 21. 'ரயில்' என்று மட்டும் இருந்ததை 'ரயில் அல்லது சாலை அல்லது கடல்' என்று மாற்ற வேண்டும். ஏற்றும் இடம் 'இந்தியாவில் எந்த இடமும்'. காலாவதியாகும் இடம் டாக்காவுக்குப் பதில் இந்தியா. இந்தக் கடைசி வரிதான் என்னைப் பொறுத்தவரை உயிர்நாடி. டாக்கா என்றே இருந்தால் கூரியர் ஓடாத ஊருக்கு நம் காகிதம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இந்தியா என்றால் நம் ஊர் வங்கியில் கொடுத்தாலே போதும்.

ஜூலை 24 அன்று அங்கே வங்கிகள் நான்கு மணி நேரம் மட்டும் திறந்தன. திருத்தம் எங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்தது ஜூலை 30. ஆறே நாளில், ஆகஸ்ட் 5 அன்று அந்த அரசே கவிழ்ந்தது. எல்லை மறுபடியும் அடைபட்டது. திருத்தத்தைக் கேட்க ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மில்லில் நிலைமை மோசம். பஞ்சு வாங்க எடுத்த பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த லோடுக்கான நூலும் கொடவுனில் அடுக்கியாயிற்று. மூன்று ஷிப்டு இரண்டானது. ராத்திரி ஷிப்டில் வரும் பெண்கள் ஆலங்குளம் பக்கத்திலிருந்து மில் வேனில் வருபவர்கள். அவர்களுக்கு அந்தக் கூலி போனது. பேக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா தினமும் காலையில் என் மேசைக்கு வந்து, "யம்மா, லோடு அந்தப் பக்கம் போயிட்டா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுபோன ஒரு ரயில், ஆலங்குளத்தில் ஒரு வீட்டின் வாரச் செலவில் கை வைக்கிறது.

சரி, காத்திருப்பதா, வழியை மாற்றுவதா? ரயில் எப்போது ஓடும் என்று கொல்கத்தா ஏஜென்டால் சொல்ல முடியவில்லை. முனையத்தில் தினவாடகை ஏறிக்கொண்டிருந்தது. லாரிப் பாதை மட்டும் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று, கன்டெய்னரைப் பிரித்து இரண்டு லாரியில் மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம். ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) ரயில் வழி என்று இருந்ததால், சுங்கச் சட்டம் 149-வது பிரிவில் திருத்தம் கேட்டு மனு. அதற்கு நான்கு நாள். பெட்டிகளைப் பிரிக்கும்போது ஏஜென்ட் வீடியோ அனுப்பினார். வங்காளத்து மழைக்காலத்தில் மூன்று வாரம் கிடந்ததில் அடி வரிசைப் பெட்டிகள் நமுத்துப்போயிருந்தன. பருத்தி நூலுக்குக் கணக்கில் 8.5 சதவீத ஈரம் உண்டு, அதற்கு மேல் ஏறினால் வாடிக்கையாளர் எடை பார்க்கும்போது பிரச்சினை வரும். நல்ல வேளையாக நூல் சுற்றிய கோன்கள் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தன. பெட்டியை மட்டும் மாற்றினோம்.

எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் அதிகச் செலவு. இன்சூரன்ஸில் கலவரத்துக்கான பிரிவும் எடுத்திருந்தோம். ஆனால் அது கலவரக்காரர்கள் சரக்கைச் சேதப்படுத்தினால்தான். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குக் கிடையாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. பிரீமியம் கட்டும்போதே வாசித்திருக்க வேண்டும்.

லாரிகள் எல்லை தாண்டிய அதே வாக்கில்தான் சரக்கு ரயிலும் மறுபடி ஓட ஆரம்பித்தது. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே என்று முதலாளியின் மகன் வருத்தப்பட்டார். என் கணிப்பு வேறு. ஒரு மாதமாகத் தேங்கிய ரேக்குகளுக்கு நடுவே எங்கள் முறை வர ஆகஸ்ட் 31 தாண்டியிருக்கும்.

கொடவுனில் இருந்த அடுத்த லோடைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக வங்கதேசத்தின் சட்டோகிராம் துறைமுகத்துக்கு அனுப்பினோம். அதற்கும் சோதனை. ஆகஸ்ட் 20-க்குப் பிறகு பெனி, குமில்லா பக்கம் பெருவெள்ளம் வந்து, சட்டோகிராம் - டாக்கா ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் மூழ்கின. துறைமுகத்தில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. ஆனால் இந்த முறை எனக்குத் தூக்கம் கெடவில்லை. கப்பலில் ஏறிய அன்றே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) கையில் வந்துவிட்டது. ஏற்றிய தேதியிலிருந்து 21 நாளுக்குள் கொடுக்க வேண்டிய காகிதங்களை நான்காம் நாளே திருநெல்வேலி வங்கியில் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த எல்.சி. வரைவு வந்தாலும் அந்த 'ரயில் அல்லது சாலை அல்லது கடல்' வரி இல்லாமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. 2025 ஏப்ரல் நடுவில், தரைவழி எல்லைகள் வழியாக இந்திய நூல் வருவதையே வங்கதேசம் நிறுத்தியது. பெனாபோலும் அதில் ஒன்று. அன்று எங்கள் லாரி கொல்கத்தாவை நோக்கி நெல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டு, சென்னைத் துறைமுகத்துக்குத் திருப்பச் சொன்னேன். மறுநாள் காலையில் பேக்கிங் அக்கா மேசைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டார். "கப்பல்ல ஏறப் போகுதுக்கா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கோன் அடுக்கப் போனார்.