புதன்கிழமை முழங்கால் ஆபரேஷன்

வரும் புதன்கிழமை எனக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. போன் செய்து விசாரிக்கும் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூட்டையே மொத்தமாக வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தொடை எலும்பின் அடிப்பகுதியிலும் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியிலும் தேய்ந்த பரப்பை மட்டும் சீவி, உலோக உறை பொருத்தி, நடுவே குருத்தெலும்பின் வேலையைச் செய்ய பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தகடு வைக்கிறார்கள். பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்களாம். 2017இல் மத்திய அரசு இந்தச் செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

விஷயம் தெரிந்ததிலிருந்து எங்கள் டீக்கடை செட்டுக்குக் கொண்டாட்டம்தான். "பழைய இரும்புக்காரன் கண்ணில் பட்டுடாதடா, எடை போட்டுடுவான்" என்கிறான் ஒருவன். ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் கத்துவதைப் பார்க்கவே என்னை மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் கூட்டிப்போகிறானாம் இன்னொருவன். சிரித்துச் சிரித்தே பாதி பயம் போய்விட்டது.

அதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து நின்றார்கள். பிளம்பிங் தெரிந்தவன் பாத்ரூம் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி பொருத்தி, தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லிங் மிஷினைப் பைக்குள் வைத்தான். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சிக்கு அக்கா வீடியோ காலில் மேற்பார்வை.

அப்புறம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாக வர வேண்டாம், தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜோக் மட்டும் வாட்ஸ்அப்பில் தடையில்லாமல் வரட்டும். டாக்டர் சரி என்றதும் திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டர், எல்லோரும் சேர்ந்துதான்!