சுடலை கொடையில் ஒரு மறுவரையறை

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலை, பனையோலைப் பாயில் கிடாக்கறியைக் கூறு வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தொலைக்காட்சியில் ஓயாமல் சொல்கிறார்களே அந்த ‘டீலிமிட்டேஷன்’, அது என்ன என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கக் கூடாத இடத்தில் கேட்பதில் அவருக்கு இணை தாமிரபரணியின் இரு கரையிலும் கிடையாது.

மக்கள்தொகைக்கு ஏற்ப மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட்டு, தொகுதிகளின் எல்லைகளையும் மாற்றி வரைவதுதான் அது என்றும், 1967இல் நம் இடங்கள் 41இலிருந்து 39 ஆனதே அப்படித்தான் என்றும், குடும்பக் கட்டுப்பாட்டில் முனைந்த மாநிலங்கள் நட்டப்படக் கூடாதென்று 1976இல் 42ஆவது திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கோடு பங்கை நிறுத்திவைத்தது என்றும், 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது என்றும் விளக்கினேன். 2008ஆம் ஆண்டு ஆணையில் எல்லைகள் மட்டும் மாறியபோது சேரன்மகாதேவிச் சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனதைச் சொன்னதும், அதற்குப் பிறகு எத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டும் அதையே தம் தொகுதி என்று சொல்லிவருகிற பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது.

இத்தனையையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் சித்தப்பா. கல்யாணமாகாத நான்கு தடிப் பையன்களை வீட்டில் வைத்திருக்கும் அவர், எங்கள் கோயிலில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு கூறு என்று தாத்தா காலத்திலிருந்து இருந்துவரும் வழக்கம் பெரும் அநீதி என்பதை அந்த நிமிடத்தில்தான் கண்டுகொண்டார். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு பேர் மட்டும் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே அளவு கறியா என்று அவர் துண்டை உதறி எழுந்தபோது, கூறு வைத்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாயில் இருந்த ஈரலை யாரும் கவனிக்கவில்லை, காக்கை கவனித்தது.

பேச்சு முற்றி, ‘ஒத்தப் பிள்ளையோடு நிறுத்துனது எங்க குத்தமாவே?’ என்று பெரியப்பா கையை ஓங்கும் அளவுக்குப் போயிற்று. வரி நோட்டைப் பிடித்திருந்த மதினிதான் நடுவில் புகுந்து, ‘சரி மாமா, இனிமே கறியும் தலைக்கணக்கு, கொடை வரியும் தலைக்கணக்கு, உங்க வீட்டுக்கு ஆறுன்னு எழுதட்டுமா?’ என்று பேனாவைத் திறந்தாள்.

தலைக்கட்டு வரி மாறக் கூடாது, அது தாத்தா வகுத்தது என்றார் சித்தப்பா.