புதிருக்கு ஒரு நகர்வு முன்னால்

சென்ற ஆண்டு ஒரு வார இறுதிச் செஸ் போட்டியின் நான்காவது சுற்றில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனிடம் நான் தோற்ற ஆட்டத்தை, காய்களின் இடம் மாறாமல் இன்றும் என்னால் பலகையில் அடுக்கிக் காட்ட முடியும். வெள்ளைக் காய்கள் என்னுடையவை. கோட்டை கட்டி முடித்து ஜி1 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) உட்கார்ந்திருந்த என் ராஜாவுக்கு முன்னால், எஃப்2, ஜி2, எச்2 கட்டங்களில் மூன்று சிப்பாய்களும் ஆட்டம் தொடங்கியபோது நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. ராணி சி1-இல் இருந்தது, யானை ஏ1-இல் இருந்தது. அவனுடைய ராணி டி5-இலும், அதற்குப் பின்னால் யானை டி8-இலும் நின்று, திறந்து கிடந்த டி நெடுவரிசை முழுவதையும் பிடித்து வைத்திருந்தன. ஏ7-இல் அவனுடைய சிப்பாய் ஒன்று காவலின்றி நின்றது. கடிகாரத்தில் எனக்குப் பதினாறு நிமிடங்கள் மீதம் இருந்தும், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் என் யானையை ஏற்றி அந்தச் சிப்பாயை வெட்டினேன்.

அவன் தன் ராணியை டி1-க்கு இறக்கிச் செக் வைத்தான். அந்த ராணியை என் ராணியால் வெட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. வெட்டினேன். அவனுடைய யானை இறங்கி வந்து என் ராணியை வெட்டியது, ஆட்டம் முடிந்தது. என் யானை ஏ1-இல் இருந்திருந்தால், அது அங்கிருந்தே டி1-ஐக் காத்திருக்கும். கை குலுக்கிய பிறகு அந்தப் பையன் மிகுந்த மரியாதையுடன், "அங்கிள், அந்தச் சிப்பாய் எங்கேயும் போகாது. முதலில் எச்3 தள்ளியிருக்கலாம்" என்றான். எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் என் ராஜாவுக்கு எச்2-இல் தப்ப இடம் கிடைத்திருக்கும். அவன் சொன்னது முற்றிலும் சரி.

அந்த ஆட்டம் இவ்வளவு உறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளாக நாள் தவறாமல் இணையத்தில் செஸ் புதிர்களைப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் சிக்கி ஆட்டம் முடியும் 'கடைசி வரிசை மேட்' என்ற தலைப்பில் மட்டுமே நூற்றுக்கணக்கான புதிர்களை முடித்திருந்தேன். இதே நிலையை, கறுப்பு ஆட வேண்டும் என்ற குறிப்புடன் புதிராகக் கொடுத்திருந்தால் மூன்று நொடிகளில் விடை சொல்லியிருப்பேன். புதிர் தரப்புள்ளி (ரேட்டிங்) 2100-ஐத் தாண்டியிருந்த ஒருவன், தொடக்க நிலைப் புதிர் ஒன்றைத் தன் கையாலேயே எதிராளிக்கு உருவாக்கிக் கொடுத்தது எப்படி என்ற கேள்வியுடன்தான் அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பினேன்.

புதிர்ப் பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. அதன் பலன் மெய்யானது. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு செஸ் நிலையைச் சில நொடிகள் மட்டும் காட்டிவிட்டு, நினைவிலிருந்து அதை மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையென்றால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார், புதியவர் சிலவற்றை மட்டுமே வைத்தார். ஆனால் காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்த நிலையில் இருவருக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. தேர்ந்தவரின் நினைவாற்றல் பொதுவாகப் பெரியது என்பதில்லை, பழகிய அமைப்புகளைக் கொத்துக்கொத்தாக அவர் கண் பிடிக்கிறது என்பதே அதன் பொருள்.

குதிரையால் மூச்சுத் திணறடிக்கும் மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்7-இல் ஏறிய குதிரை, எச்8-இல் உள்ள ராஜாவுக்குச் செக் வைக்கிறது. ராஜா ஜி8-க்கு நகர்கிறது. குதிரை எச்6-க்குத் தாவும்போது சி4-இல் உள்ள ராணியின் மூலைவிட்டமும் திறந்து இரட்டைச் செக் விழுகிறது. ராஜா எஃப்8-க்கு ஓடினால் எஃப்7-இல் ராணி மேட் செய்துவிடும் என்பதால் மறுபடியும் எச்8 மூலைக்கே திரும்ப வேண்டும். அப்போது ராணி தன்னையே ஜி8-இல் பலி கொடுக்கிறது. டி8-இல் இருந்த யானை அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும், ராஜா தன் யானையாலும் சிப்பாய்களாலும் சூழப்பட்டு அசைய இடமின்றிப் போக, குதிரை எஃப்7-க்குத் திரும்பி வந்து மேட் செய்கிறது. 1497-இல் ஸ்பெயினில் லூசெனா அச்சிட்ட நூலிலேயே இந்த மேட் இருக்கிறது. பார்த்திராத ஒருவர் பலகையில் இதைத் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது. முப்பது முறை போட்டுப் பார்த்தவருக்கோ, எச்6-இல் குதிரை போகும் வாய்ப்புத் தெரிந்தவுடனேயே ராணியின் பலியும் கூடவே தெரிந்துவிடும். இந்தக் கண்ணைப் புதிர்ப் பயிற்சி தருகிறது, எனக்கும் தந்தது.

அது தராதது என்ன என்பதை அறிய, இணையப் புதிர்கள் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லிசெஸ் தளத்தில் இப்போது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிர்கள் உள்ளன, அனைத்தும் இலவசம். அங்கே விளையாடப்பட்ட உண்மையான ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரல் கொண்டு அலசி, ஒருவர் தவறு செய்து, அதற்கான பதிலடி ஒரே ஒரு நகர்வாக அமைந்த இடங்களைப் பிரித்தெடுத்துப் புதிராக்குகிறார்கள். புதிரைத் திறந்ததும் முதலில் எதிராளியின் காய் ஒன்று தானாக நகர்கிறது. பெரும்பாலும் அதுதான் அந்தத் தவறு. அதன் பிறகே நம் முறை வருகிறது. ஆக, நாம் பலகையைப் பார்க்கும் நொடியிலேயே மூன்று செய்திகள் நமக்குச் சொல்லப்பட்டுவிடுகின்றன. இங்கே ஏதோ இருக்கிறது, அது நமக்குச் சாதகமாக இருக்கிறது, எதிராளி சற்றுமுன்தான் பிழை செய்தார். மெய்யான ஆட்டத்தில் இந்த மூன்றில் ஒன்றையும் யாரும் வந்து நம் காதில் சொல்வதில்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில் நடந்தது இதற்கு மிகத் துல்லியமான சான்று. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், வெள்ளையில் ஆடிய அன்றைய சாம்பியன் டிங் லிரன், குகேஷுக்கு எதிராகத் தன் 55-ஆவது நகர்வாக யானையை எஃப்2-இல் வைத்தார். யானைகளை மாற்றிக்கொண்ட பின் கறுப்பு மந்திரி டி5-க்கு வந்தால், ஏ8 மூலையில் இருக்கும் வெள்ளை மந்திரிக்குப் போக்கிடமே இல்லை. அது நிற்கும் ஒரே மூலைவிட்டத்தைக் கறுப்பு மந்திரி மறித்துவிடுகிறது, மந்திரிகளும் மாறிப்போகின்றன, மிஞ்சுவது வெள்ளைக்குத் தோல்வியான சிப்பாய் ஆட்டம். புதிராகக் கொடுத்தால் சங்க அளவில் ஆடும் பலரும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நகர்வைப் பார்த்தவுடன் தமக்கே அது பிடிபடவில்லை என்று குகேஷ் ஆட்டத்துக்குப் பின் கூறினார். வழக்கம்போல் அடுத்ததை ஆடிவிடாமல் அவர் நின்று பார்த்த அந்தச் சில கணங்கள்தான் பதினெட்டு வயதில் அவரை உலகச் சாம்பியன் ஆக்கின. 2006 நவம்பரில் பான் நகரில், அன்றைய உலகச் சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினிக்கு எதிராக ஒரே நகர்வில் விழும் மேட்டைக் கவனிக்காமல் ராணியை இ3-க்குக் கொண்டுபோனதும் இதே வகைதான். எஃப்8-இல் நிற்கும் குதிரை எச்7-இல் ராணிக்குத் துணை நிற்கும் அமைப்பு, கண் பழகாத ஒன்று.

எனவே என் பயிற்சியை மாற்றினேன். புதிரை முடித்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், அது எடுக்கப்பட்ட ஆட்டத்தைத் திறந்து ஒரு நகர்வு பின்னால் போகிறேன். பலகையைத் திருப்பி, தவறு செய்யப்போகிறவரின் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். இன்னும் எந்த உத்தியும் பிறக்காத நிலை அது. அவர் ஏன் அந்த நகர்வை ஆட விரும்பினார், அதை ஆடியதால் எந்தக் கட்டம் காவலை இழந்தது, அதற்குப் பதிலாக எதை ஆடியிருந்தால் நிலை தாங்கியிருக்கும் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் அவர் ஆட விரும்பியதற்கு நல்ல காரணமே இருக்கிறது: ஒரு சிப்பாய் கிடைக்கிறது, ஒரு குதிரையை விரட்டலாம், ஒரு செக் வைக்கலாம். ஏ7 சிப்பாயை வெட்டிய என்னுடைய முகமே அங்கே தெரிகிறது. இப்படிச் செய்தால் ஒரு புதிருக்கு ஐந்தாறு நிமிடங்கள் ஆகும். முன்பு காலையில் நாற்பது புதிர்கள் போட்ட நான் இப்போது ஐந்து போடுகிறேன். எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது, அது ஊகித்து ஆடுவது. திரையில் காயை இழுத்துவிட்டால் பச்சைக் குறியோ சிவப்புக் குறியோ உடனே வந்துவிடுகிறது. முதல் நகர்வு செக்காகத்தான் இருக்கும் என்று இழுத்துப் பார்க்கிறோம். சரியென்றால் மீதியை அப்போது யோசிக்கிறோம். பலகையில் எதிராளியின் பதிலைக் காணாமல் காயைத் தொட்டால் தொட்டதுதான். இப்போது விடை முழுவதையும், எதிராளியின் சிறந்த தற்காப்பு உட்பட, ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிய பிறகே சுட்டியைத் தொடுகிறேன். முதல் நகர்வு சரியாகவும் மூன்றாவது தவறாகவும் எழுதியிருந்தால், தளம் என்ன சொன்னாலும் எனக்கு அது தவறான விடைதான். பதறாத காரியம் சிதறாது என்பார் என் அம்மா. பென்சில் கையில் இருக்கும்போது பதற்றம் உண்மையிலேயே குறைகிறது.

வேகப் புதிர்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நிமிடங்களில் எத்தனை முடிகிறது என்று பார்க்கும் லிசெஸின் பஸில் ஸ்டார்ம், மூன்று தவறுகளுடன் முடிந்துவிடும் செஸ் டாட் காமின் பஸில் ரஷ் இரண்டும் ஏற்கெனவே அறிந்த அமைப்புகளைத் துலக்கி வைக்க நல்லவை. அறியாததைக் கற்க அவை உதவுவதில்லை. அங்கே யோசிக்க நேரம் ஒதுக்கினால் மதிப்பெண் சரிகிறது. கற்கும் நிலையில் உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் முதலிலேயே அதைக் காட்டிவிடுவதைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

புதிர் தரப்புள்ளியையும் ஆட்டத் தரப்புள்ளியையும் ஒப்பிட்டுக் கவலைப்படுவதும் தேவையில்லை. லிசெஸில் ஒவ்வொரு புதிரும் ஓர் எதிராளியாகக் கருதப்படுகிறது. விடை கண்டால் நமக்கு வெற்றி, தவறினால் புதிருக்கு வெற்றி. அந்த எண் புதிர்களோடு நாம் மோதியதன் கணக்கு. மனிதர்களோடு மோதுவதற்கான எண் வேறு.

என்னுடைய சொந்த ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகளையும் அதே நோட்டில் சேர்த்து வருகிறேன். ஆட்டம் முடிந்து அலசிய பிறகு, நான் பிழை செய்வதற்குச் சற்று முந்தைய நிலையை வரைந்து, விடையைப் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். பத்து நாள் கழித்து ஒருமுறையும், ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் மீண்டும் பார்ப்பேன். சேர்ந்தவற்றை அண்மையில் வகை பிரித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் கிடைத்த வாய்ப்பைத் தவறவிட்டவை குறைவு. எதிராளியின் மிரட்டலைக் கேட்காமல் விட்டவை பாதிக்கும் மேல். அதிலும் பெரும்பாலானவற்றில், ஒரு கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்த காயையே நான் வேறு வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தச் சிறுவனுடன் ஆடிய நிலைதான். ராஜா ஜி1, ராணி சி1, யானை ஏ1, வெள்ளை ஆட வேண்டும். பின்பக்கத்தில் எச்3 என்று எழுதியிருக்கிறேன். வரும் மாதம் அதே போட்டிக்கு மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். அவனும் வருவான் என்று நினைக்கிறேன்.