உதைப்பு எங்கே போகிறது

சுவிஸில் துவக்குத் திருத்தும் பட்டறையில் வேலை என்று ஒட்டுசுட்டானில் சொன்னால், ஆட்கள் முதலில் படலைப் பக்கம் பார்ப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்துவார்கள். 2009 இல் சண்டை முடிந்த பிறகும் காணி கொத்தும்போது ரவைக்கோது கிளம்புகிற மண் இது. சுவிஸில் 300 மீற்றர் குறிச்சூடு ஊர்த் திருவிழா மாதிரி நடக்கும், குடும்பமாக வருவார்கள் என்று விளங்கப்படுத்துவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும்.

மாமா ஒருவர்தான் வேலையைப் பற்றியே கேட்டார். இயக்கங்கள் தலையெடுக்க முந்தியே பன்றிக் காவலுக்கென்று லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தவர் அவர். ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர் (bore, குழல் வாயின் அளவு).

என்னிடம் வருகிறவர்களில் பலர் விளையாட்டுப் போட்டிக்காரர். ஏஆர் 15 வகை அரைத்தானியங்கி ரைபிளைக் கொண்டுவந்து, "உதைப்பு மெதுவாக வேண்டும்" என்பார்கள், சுடும்போது தோளில் விழும் அடியைத்தான். குண்டு குழலால் போகும்போது பின்னால் வரும் காஸில் கொஞ்சம் ஒரு சின்னத் துளையால் பிரிந்து, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைப் பின்னே தள்ளும். கோது வெளியே பாயும். ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பித் தள்ள, அடுத்த ரவை ஏறும். குளிரோ அழுக்கோ பலம் குறைந்த ரவையோ, எதிலும் நிற்காமல் இயங்க வேண்டும் என்று தொழிற்சாலையில் அந்தத் துளையைப் பெரும்பாலும் தாராளமாகவே விட்டுவிடுவார்கள். மிச்சக் காஸ் போல்ட்டை வேகமாக ஓட்டிப் பின்பக்கம் கொண்டுபோய் மோதவிடும். தோளில் இரண்டாவது அடி விழுவது அப்போதுதான். போல்ட் முன்னே வந்து அடிக்கும்போது குழல்வாய் ஒருக்கால் குனியும். குறி கலைவது இந்தக் குலுக்கத்தில்.

அளவு மாற்றக்கூடிய காஸ் அடைப்பு ஒன்றைப் பொருத்தினால், சின்னத் திருகு ஒன்றைக் கிளிக் கிளிக்காகத் திருப்பலாம். ரவைக்கூட்டில் ஒரே ஒரு ரவை போட்டுச் சுட வேண்டும். சுட்டபின் போல்ட் பின்னே போய்ப் பிடிபட்டு நின்றால் காஸ் போதும். பிடிபடாத இடம்வரை குறைத்து, பிறகு பிடிபடும் இடத்துக்குக் கூட்டி, அதற்கும் மேல் ஒன்றிரண்டு கிளிக் விடுவேன். அந்த மேலதிகக் கிளிக்கையும் குறைக்கச் சொல்லித்தான் வாடிக்கையாளரோடு சண்டை. சூடான மண்டபத்தில் பஞ்சு மாதிரி இருந்த ரைபிள் தை மாதக் குளிரில் இடையில் நின்றால் திட்டு எனக்குத்தான். ஆகவே அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். சுவிஸ் இராணுவத்தின் ஸ்டூர்ம்கெவேர் 90 ரைபிளில் காஸுக்கு இரண்டு நிலைகளை வைத்திருப்பதும் இதே யோசனையில்தான்: ஒன்று வழமைக்கு, மற்றது கடும் நிலைக்கு.

ஆள் வாய் திறக்கமுன் நான் நிலத்தைப் பார்ப்பேன். கோதுகள் வலப்பக்கம் முன்னே பாய்ந்து கிடந்தால் அநேகமாகக் காஸ் கூடிவிட்டது. வலப்பக்கம் சற்றே பின்னே குவியலாக விழுந்திருந்தால் நல்லம். குழல்வாயில் காஸைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் பூட்டினால் உதைப்புக் குறையும்தான், ஆனால் அந்தச் சத்தமும் காற்றும் பக்கத்தில் நிற்பவன் முகத்தில். எனக்கு அது கடைசி மருந்து.

"அப்ப அந்த உதைப்பு எங்க போகுது மருமகன்?" என்றார் மாமா.

காஸைக் குறைத்ததால் அது எங்கும் போகாது. குண்டும் காஸும் முன்னே கொண்டுபோகும் உந்தம் அவ்வளவும் பின்னே வந்தே தீரும். ஒரே குத்தாக விழாமல் நேரத்தில் பரந்து வருகிறது, அவ்வளவுதான். அந்த ரைபிளின் குண்டு 3.6 கிராம் அளவு, செக்கனுக்கு 900 மீற்றருக்கு மேல் போகும். மாமாவின் பன்னிரண்டு போர் வெடியோ 30 கிராமுக்கு மேற்பட்ட ஈயத்தை 400 மீற்றர் அளவில் தள்ளும். கணக்குப் பார்த்தால் மூன்று மடங்குக்கு மேல். இடையில் வாங்கிக்கொள்ள ஸ்பிரிங்கும் இல்லை.

"அப்ப என்ர துவக்குக்கு ஒண்டும் செய்யேலாதோ?"

காஸ் துளை இல்லாத துவக்கில் திருப்ப ஒன்றுமில்லை. தோளில் வைக்கும் கட்டையின் பின்னால் றப்பர் வைக்கலாம், கட்டையின் நீளத்தை ஆளுக்கு ஏற்ற மாதிரி ஆக்கலாம். என் மேசைக்கு எது வந்தாலும் முதலில் பார்ப்பது கட்டையைத்தான். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை உள்மடிப்பில் வைத்தால், விரல் விசைக்கு எட்ட வேண்டும். பழைய, பருமட்டான அளவு, ஆனாலும் தொடங்குவதற்குப் போதும்.

மாமா தும்புத்தடியை எடுத்து மடக்கிய கையில் வைத்துப் பார்த்தார். தன் துவக்கின் விசை எங்கே இருந்திருக்கும் என்று மற்றக் கையால் காட்டினார். விரல் எட்டவில்லை.

"வெள்ளைக்காரன்ர கைக்குச் செய்தது. நான் பன்றியைச் சுட்டதைவிட என்ர தோளைத்தான் கூடச் சுட்டிருக்கிறன்."