பரம் வீர் சக்ரா: எந்த ரெஜிமென்ட் முன்னால் நிற்கிறது?

போர்க்கள வீரத்துக்கு இந்தியா தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை அதிகம் வாங்கிய ரெஜிமென்ட் எது? சட்டென்று பதில் வேண்டும் என்பவர்களுக்கு: கிரெனடியர்ஸ், மூன்று. 1965-இல் அப்துல் ஹமீது, 1971-இல் மேஜர் ஹோஷியார் சிங், 1999-இல் யோகேந்திர சிங் யாதவ். பொது அறிவுப் புத்தகங்கள் இதோடு நின்றுவிடும். ஆனால் எதை ஒரு ரெஜிமென்ட் என்று எண்ணுகிறோம் என்று கேட்க ஆரம்பித்தால் இந்தக் கணக்கு நாலாபக்கமும் இழுபடும், எனக்கு அதுதான் சுவாரசியம்.

இதுவரை மொத்தம் 21 பரம் வீர் சக்ரா. இருபது தரைப்படைக்கு, ஒன்று விமானப்படைக்கு (1971-இல் ஸ்ரீநகர் வானில் தனியாகச் சண்டை போட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன்), கடற்படைக்கு இன்னும் இல்லை. இருபத்தொரு பேரில் 14 பேர் உயிரோடு இல்லாமல்தான் வாங்கினார்கள். மிச்சம் ஏழு பேரில் இரண்டு பேர் கிரெனடியர்ஸ் ஆட்கள்.

ஹமீது கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஹவில்தார். கேம்கரண் பக்கம் கரும்புக் காட்டுக்குள் ஜீப்பை மறைத்து நிறுத்தி, அதில் பொருத்திய பின்னுதைப்பில்லா பீரங்கியால் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். யாதவ் கதை இன்னும் விசித்திரம், டைகர் ஹில்லில் உடம்பெல்லாம் குண்டு வாங்கிய அவருக்கு விருதை அறிவித்தபோது இறந்துவிட்டார் என்றே அறிவித்தார்கள். அதே பெயரில் இன்னொருவர் இருந்ததால் வந்த குழப்பம், ஆள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்.

சரி, அப்போது கூர்க்காக்கள்? அவர்களுக்கும் மூன்று. 1961-இல் காங்கோவில் ஐ.நா. படையில் இருந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 1962-இல் லடாக்கில் மேஜர் தன் சிங் தாபா, 1999-இல் லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டே. ஆனால் கூர்க்கா என்பது ஒரே ரெஜிமென்ட் இல்லையே. இவை முறையே 1-ஆவது, 8-ஆவது, 11-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ், மூன்றும் தனித்தனி. சேர்த்து எண்ணினால் கிரெனடியர்ஸுக்குச் சமம், பிரித்தால் ஆளுக்கு ஒன்று. இன்னொன்றும் கவனியுங்கள், மூன்று பேருமே அதிகாரிகள். கூர்க்கா சிப்பாய்க்கு என்று ஒரு பரம் வீர் சக்ராகூட இல்லை என்பது எனக்கு இன்றும் நம்ப முடியாத விஷயம்.

அடுத்து இரண்டு வாங்கியவர்கள்: குமாவோன், சீக்கியர் ரெஜிமென்ட், ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ், பூனா ஹார்ஸ். இங்கேதான் முடிச்சு. சீக்கியர் ரெஜிமென்ட்டின் இரண்டும் (1948-இல் தித்வாலில் கரம் சிங், 1962-இல் தவாங் பக்கம் ஜோகிந்தர் சிங்) ஒரே பட்டாலியன் (ரெஜிமென்ட்டுக்குள் எண்ணிட்ட தனிப் பிரிவு), 1 சிக். அந்தப் பட்டாலியன் பிற்காலத்தில் கவச வண்டிகளில் போகும் காலாட்படையான மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரிக்குப் போய்விட்டது. அதேபோல 1948-இல் நௌஷேரா அருகே சண்டை போட்ட ஜதுநாத் சிங் அப்போது 1 ராஜ்புத், அந்தப் பட்டாலியன் பிறகு கார்ட்ஸ் படைக்கு மாறி 4 கார்ட்ஸ் ஆனது. இன்றைய முகவரிப்படி எழுதினால் சீக்கியர் ரெஜிமென்ட்டுக்கும் ராஜ்புத்துக்கும் பூஜ்யம், மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரிக்கு இரண்டு, 1971-இன் ஆல்பர்ட் எக்காவையும் சேர்த்து கார்ட்ஸுக்கு இரண்டு. யாரும் அப்படி எழுதுவதில்லை, பழைய வீட்டுக்காரரும் புது வீட்டுக்காரரும் இருவருமே சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் பட்டாலியன் கணக்குதான் நேர்மையானது. ஒரு ரெஜிமென்ட்டுக்குப் பத்திருபது பட்டாலியன் இருக்கும், நிறைய பட்டாலியன் வைத்திருப்பவருக்கு நிறைய பதக்கம் கிடைப்பதில் என்ன அதிசயம்? சேர்ந்து படுத்து, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து சாகிறவர்கள் பட்டாலியன் ஆட்கள்தான். அப்படிப் பார்த்தால் கிரெனடியர்ஸின் மூன்றும் 4, 3, 18 என்று மூன்று பட்டாலியனுக்குச் சிதறிவிடும், குமாவோனின் இரண்டும் 4, 13 என்று பிரிந்துவிடும். இரண்டு வைத்திருக்கும் யூனிட் மூன்றே மூன்று: 1 சிக், 13 ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ், பூனா ஹார்ஸ்.

13 ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ் தன் இரண்டையும் ஒரே போரில், ஏறக்குறைய ஒரே மலையில் வாங்கியது. கார்கிலில் பாயின்ட் 4875-இல், 1999 ஜூலை 4-ஆம் தேதி சஞ்சய் குமார், மூன்று நாள் கழித்து விக்ரம் பத்ரா. சஞ்சய் குமார் பிழைத்தார், பத்ரா பிழைக்கவில்லை.

பூனா ஹார்ஸ் டாங்கிப் படை, அதாவது அந்த ரெஜிமென்ட்டே ஒரு யூனிட் அளவுதான். 1965-இல் சியால்கோட் பகுதியில் ஃபில்லோரா சண்டையில் காயம்பட்ட பிறகும் பின்னால் போக மறுத்த லெப்டினன்ட் கர்னல் தாராபோர், செப்டம்பர் 16 அன்று இறந்தார். ஆறு வருடம் கழித்து, அங்கிருந்து அதிக தூரமில்லாத பசந்தரில், டிசம்பர் 16 அன்று, 21 வயது அருண் கேத்ரபால். டாங்கி தீப்பிடித்த பிறகு, இறங்கிவிடு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி நின்றவர். மறுநாள் அதே பசந்தர் களத்தில்தான் 3 கிரெனடியர்ஸின் ஹோஷியார் சிங்கும் தன் விருதுக்கான சண்டையைப் போட்டார்.

இந்தப் பட்டியல் வீரத்தை மட்டும் அளக்கிறது என்று நினைப்பவர்கள் லடாக்கின் ரெசாங் லா கணவாயை நினைத்துக்கொள்ள வேண்டும். 13 குமாவோனின் மேஜர் ஷைத்தான் சிங்கும் சுமார் 120 பேரும் 1962 நவம்பர் 18 அன்று போராடினார்கள், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. 1963 தொடக்கத்தில் பனியில் உறைந்த உடல்கள், ஆயுதத்தைப் பிடித்தபடியே கிடைத்த பிறகுதான் கதை உறுதியானது. கடைசி ஆள் வரை செத்து, பார்த்தவர் யாருமே மிஞ்சாத சண்டைகளுக்கு யார் பரிந்துரை எழுதியிருப்பார்கள்?

1758-இல் தொடங்கிய நம் மதராஸ் ரெஜிமென்ட் இந்தப் பட்டியலில் இல்லாததையும் இப்படித்தான் பார்க்கிறேன். தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார், ஆனால் மஹார் ரெஜிமென்ட் கணக்கில், அதுவும் 1987-இல் இலங்கையில். நம்மில் பலருக்குச் சட்டென்று கைதட்ட வராத இடம் அது.

1999-க்குப் பிறகு பரம் வீர் சக்ரா யாருக்கும் இல்லை. போர்க்களத்துக்கு வெளியே தருகிற அசோக் சக்ராவை எடுத்தால் குழப்பம் கூடுகிறது, காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்கொள்ளும் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸுக்கு ஆட்கள் பல ரெஜிமென்ட்களிலிருந்தும் போகிறார்கள். 2014-இல் ஷோபியானில் இறந்த சென்னைக்காரர் மேஜர் முகுந்த் வரதராஜன் அப்போது இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில், தாய் ரெஜிமென்ட் ராஜ்புத். எந்தப் பக்கம் எழுதுவது?