கிரகணத்துக்கு மூடிய ஜன்னல்

2019 டிசம்பர் 26 காலை திண்டுக்கல்லில் சூரியன் மோதிரம் மாதிரி தெரிந்தது. தெருவே மொட்டை மாடியில் நிற்க, சித்தி வீட்டு உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவிடுக்கில் பழைய பேப்பரைச் செருகி, ஆறு மாத வயிற்றோடு என் தங்கச்சியை உட்கார வைத்திருந்தார்கள். அரிவாள்மனை, கத்தி, ஊசி, அவள் தலையிலிருந்த ஹேர்பின் வரைக்கும் பரணுக்குப் போயாச்சு. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை. திண்ணையில் சிகரெட்டோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன், எங்கள் இரண்டு பேருக்கும் தாய்மாமா, அதாவது சித்தியின் கடைசித் தம்பி. வெளிச்சம் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டார்களே தவிர, புகை போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டதற்கு, பின் தெருவில் உதடு பிளந்து பிறந்த பையனைச் சொன்னார் சித்தி. அவன் அம்மா கிரகணத்தன்று கீரை நறுக்கினாளாம். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பையனுக்கு ஆபரேஷன் ஆகி, நன்றாகப் பேசி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான், இன்னும் அவளுக்கு அந்தக் கீரையிலிருந்து விடுதலை இல்லை.

கரு உருவாகி ஆறேழு வாரத்துக்குள் குழந்தையின் மேலுதடு ஒட்டிவிடும், அண்ணம் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிவிடும். ஆறாவது மாதம் கத்தியை ஒளித்து வைப்பது ரயில் போன பிறகு கேட்டை மூடுகிற கதை. உதட்டுப்பிளவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. பரம்பரை, சிகரெட் (பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் சேர்த்து), கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள் என்று பல சேர்ந்து வருவது. இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசி, முடிந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது நாள் எண்ணும் கணக்கைப் பார்த்துத்தான். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு தரித்த 28 நாளில் மூடிவிடுகிறது. நம் வீடுகளில் கடைசித் தீட்டிலிருந்து எண்ணுவோமே, அந்தக் கணக்கில் 42 நாள். "நாள் தள்ளிப்போயிருக்கு, 45 நாள் ஆகட்டும், டாக்டரைப் பார்க்கலாம்" என்று காத்திருந்து போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். அந்தக் குழாய் சரியாக மூட உதவுவது ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின்; அங்கே எழுதித் தரும் அந்த மாத்திரை இந்த ஒரு விஷயத்துக்குப் பிந்திவிட்டது. ஏற்கெனவே இந்தக் குழாய் மூடாத குறையோடு ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991இலேயே காட்டிவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு தினம் 400 மைக்ரோகிராம் போதும்.

அப்புறம், சொந்தத்தில் கட்டுவது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் இப்படி என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் சுமார் நாலில் ஒரு பங்கு பொது, அத்தை மகன் மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று இருக்கும் பிறவிக்குறை வாய்ப்பு, அத்தை மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன, அதனால்தான் யாருக்கும் இது உறைப்பதில்லை. குறையோடு பிறந்தால் மட்டும் கேள்வி அம்மாவிடம் போகிறது, என்ன சாப்பிட்டே, எங்கே போனே என்று. "சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்று தாம்பூலம் மாற்றியவர்களை யாரும் கேட்பதில்லை.

தங்கச்சிக்குப் பையன் நல்லபடியாகப் பிறந்தான். சித்தி கணக்கில் அது போர்வையின் புண்ணியம். போன வாரம் அவள் போன் செய்து இரண்டாவதுக்கு யோசிப்பதாகச் சொன்னாள். இப்போதே டாக்டரைப் பார்த்து ஃபோலிக் ஆசிட் ஆரம்பி, மாமாவை வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லு, முடிந்தால் விடச் சொல்லு என்றேன். பின்னாலிருந்து சித்தி குரல்: "உண்டாகாமலே எதுக்குடி மாத்திரை?"